ஹுன்ஸாவின் இரகசியம் பழத்திலா இருக்கிறது?

அந்தத் தகவல் உங்கள் தொலைபேசிக்கும் ஒருநாள் வந்திருக்கும். பாகிஸ்தானின் வடக்கே, பனிமலைகளுக்கு நடுவே, ஹுன்ஸா என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறதாம். அங்குள்ளவர்கள் நூற்றிருபது, நூற்றைம்பது வயது வரை வாழ்கிறார்களாம். பெண்கள் அறுபது வயதிலும் பிள்ளை பெறுகிறார்களாம். புற்றுநோய் என்ற சொல்லே அவர்களுக்குத் தெரியாதாம். 1984ஆம் ஆண்டில் லண்டன் விமான நிலையத்தில் ஒரு ஹுன்ஸாக்காரர் கடவுச்சீட்டைக் காட்டியபோது, பிறந்த ஆண்டு 1832 என்றிருந்ததைக் கண்டு அதிகாரிகள் திகைத்துப் போனார்களாம். எல்லாவற்றுக்கும் காரணம் அப்ரிகொட் பழமும் அதன் பருப்பும் பனியாற்றுத் தண்ணீரும்தானாம். கடைசியில் ஒரு ஹதீஸையும் ஒட்டி, பத்துப் பேருக்கு அனுப்பும்படி சொல்லி முடித்திருப்பார்கள். ஹதீஸ் ஒட்டியிருந்தால் நம்மவர்கள் கேள்வி கேட்பதில்லை என்பது எழுதியவருக்கு நன்றாகத் தெரியும்.

கடந்த வருடம் ஜூலை மாதம் நான் அந்த ஊருக்குப் போய்வந்தேன். என் தம்பி இஸ்லாமாபாத்தில் பல்கலைக்கழகமொன்றில் கற்கிறான். அவனைப் பார்க்கச் சென்ற நானும் கணவரும் அவனையும் கூட்டிக்கொண்டு வாடகைக் காரில் வடக்கே புறப்பட்டோம். விஞ்ஞானம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை என்ற வகையில் அந்தப் பழத்தை அது காய்க்கும் இடத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. பார்த்தேன், தின்றேன், வயிறு நிறையத் தின்றேன். ஹுன்ஸாவில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு என்ற எண்ணத்தோடுதான் திரும்பினேன். ஆனால், அந்தத் தகவலை எழுதியவர் காட்டிய இடத்தில் அது இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இஸ்லாமாபாத்திலிருந்து ஹுன்ஸாவின் பிரதான ஊரான கரீமாபாத்துக்கு ஏறக்குறைய 600 கிலோமீற்றர். நமது நாட்டில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போவதைப் போல ஒன்றரை மடங்கு தூரம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு நாள் பிடித்தது. 4173 மீற்றர் உயரமான பாபுசர் கணவாயில் மூச்சு வாங்கியது. அங்கிருந்து கீழே இறங்கிச் சிந்து நதிக் கரையைத் தொட்டதும் மட்டக்களப்பு ஏப்ரல் மாதம் போல வெயில் சுட்டது. அதற்கப்பால் கரகோரம் நெடுஞ்சாலை. பாகிஸ்தானும் சீனாவும் சேர்ந்து இருபது வருடங்களாக மலையை வெடிவைத்துப் பிளந்து போட்ட பாதை அது. 1986இல்தான் பொதுமக்களுக்காகத் திறந்துவிடப்பட்டது. அதைப் போடும்போது பாகிஸ்தானியர் சுமார் 800 பேரும் சீனர் சுமார் 200 பேரும் உயிரிழந்தார்கள். கில்கிட் நகருக்கருகே சீனத் தொழிலாளர்களுக்கென ஒரு மையவாடி இருக்கிறது.

நெடுஞ்சாலை வரும்வரை ஹுன்ஸா தனியே கிடந்த ஒரு சிற்றரசு. மீர் என்றழைக்கப்பட்ட மன்னர் ஆண்டார். 1974இல்தான் பாகிஸ்தான் அரசு அந்த மன்னராட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது. மக்கள் பேசும் புருஷஸ்கி மொழிக்கு உலகில் உறவு மொழி எதுவும் இன்னும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. இவ்வளவு ஒதுங்கியிருந்த ஊர் என்றால் கதை கட்டுவதற்கு வசதிதானே. போய்ப் பார்த்து மறுத்துச் சொல்ல யாருமில்லை.

கரீமாபாத்தை முதலில் பார்க்கும்போது கண்ணில் படுவது பச்சை. சுற்றிவர எல்லாம் வெறும் பாறையும் மணலும், மேலே பனியும். தெற்கே 7788 மீற்றர் உயரமான ராக்கபோஷி. இவற்றுக்கு நடுவில் யாரோ ஒரு பச்சைச் சால்வையை விரித்துப் போட்டதுபோல் படிப்படியாக வயல்களும் பழத்தோட்டங்களும். அப்ரிகொட், செர்ரி, ஆப்பிள், முந்திரிகை, முசுக்கட்டை, வால்நட் என எல்லாம். நுவரெலியாவையும் வெலிமடையையும் பார்த்துப் பழகிய நமக்கு மலை என்றால் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே மழை மிகக் குறைவு. அந்தப் பச்சை தானாக வந்ததல்ல. பனியாற்றிலிருந்து உருகிவரும் தண்ணீரைச் செங்குத்தான பாறையில் வெட்டிய வாய்க்கால்கள் வழியே கொண்டுவந்து, ஒவ்வொரு படிக்கும் முறைவைத்துப் பாய்ச்சுகிறார்கள். அந்தப் பாறையைப் பழைய காலத்தில் கையால் வெட்டியிருக்கிறார்கள். பனி உருகும்போது மண்சரிந்து வாய்க்கால் உடைந்தால் ஊரே திரண்டு போய்ச் சரிசெய்ய வேண்டும். எங்கே பச்சை முடிகிறதோ அங்கே ஒரு வாய்க்கால் ஓடும். அதற்கு மேலே ஒரு புல்கூட இல்லை. கோடு கிழித்ததுபோல் இருக்கும்.

தண்ணீர் சாம்பல் நிறம். பாறைத் தூள் கலந்து மினுங்குகிறது. அதையும் அற்புதத் தண்ணீர் என்று போத்தலில் அடைத்து விற்கிறவர்கள் உலகில் இருக்கிறார்கள். நாங்கள் தங்கிய வீட்டில் அந்தத் தண்ணீரைத் தெளியவிட்டு, கொதிக்கவைத்துத்தான் குடிக்கத் தந்தார்கள்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல்மாடியில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடும் சாதாரணக் குடும்பம். வீட்டுக்காரப் பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். என்னை பாஜி என்றார், உருதுவில் ராத்தா என்று பொருள். தம்பியின் உருதுவும் அவருடைய ஆங்கிலமும் என் கைச்சைகையும் சேர்ந்து மூன்று நாட்களும் நிறையப் பேசினோம். ஜூலை மாதம் அப்ரிகொட் பறிக்கும் காலம். காலை ஆறு மணிக்கே வேலை தொடங்கிவிடும். வீட்டுப் பையன்மார் மரத்தில் ஏறிக் கிளையை உலுக்குவார்கள். கீழே துணி விரித்துப் பெண்கள் பொறுக்குவார்கள். பிறகுதான் உண்மையான வேலை. ஒவ்வொரு பழத்தையும் இரண்டு பெருவிரலாலும் பிளந்து, கொட்டையை எடுத்து, வெட்டுமுகம் மேலே பார்க்கும்படி தட்டில் அடுக்க வேண்டும். தட்டுகள் தட்டையான வீட்டுக் கூரைக்குப் போகும். கோட்டைப் பக்கமிருந்து பார்த்தால் ஊரின் கூரைகளெல்லாம் மஞ்சள் பூசியதுபோல் தெரியும். எல்லாப் படங்களிலும் வரும் காட்சி அது. படத்தில் வராதது, அந்தக் கூரைக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒரு பெண் ஏறி இறங்குகிறாள் என்பது. திருப்பிப் போட, குருவியைத் துரத்த, மேகம் கறுத்தால் ஓடிப்போய் மூட. ஒரு மழை போதும், பழம் கறுத்துவிடும். கறுத்த பழத்துக்கு வியாபாரி பாதி விலையும் தரமாட்டான்.

நானும் உட்கார்ந்து பிளந்தேன். ஒரு மணித்தியாலத்தில் நகத்தடி எரியத் தொடங்கியது. அவர்கள் சிரித்தார்கள்.

கொட்டையைத் தனியாகக் காயவைத்துக் குளிர்காலத்தில் ஒவ்வொன்றாகக் கல்லால் உடைக்கிறார்கள். உள்ளே வாதுமை போன்ற பருப்பு. இனிப்புப் பருப்பு உணவுக்கு. கசப்புப் பருப்பைத் தனியே பிரித்துவிடுவார்கள். பருப்பை அரைத்து, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, கையால் பிழிந்து எண்ணெய் எடுப்பார்கள். அது சமையலுக்கும் தலைக்கும். மிஞ்சிய ஓடு அடுப்புக்கு. குப்பைக்குப் போவது ஒன்றுமில்லை. இது ஆரோக்கியத்துக்காக யாரோ வகுத்த உணவுமுறை என்று நினைத்தால் தவறு. ஆறு மாதம் பனியும் குளிரும் வாட்டும் ஓர் இடத்தில், கையிலிருப்பதை வைத்து உயிர்வாழக் கண்டுபிடித்த வழி அது.

வயது விடயத்துக்கு வருகிறேன். அந்த வீட்டிலும் ஒரு மூத்தம்மா இருந்தார். பூவேலைத் தொப்பி போட்டு, வெயிலில் அமர்ந்து, எங்களோடு சேர்ந்து பழம் பிளந்தார். எத்தனை வயது என்று தம்பி கேட்டான். மருமகள் எண்பதுக்கு மேல் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் தொண்ணூறு என்றார். மூத்தம்மா தானே நூறு என்று சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். அடையாள அட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, அதுவும் யாரோ குத்துமதிப்பாகப் போட்டதுதான் என்றார்கள். இரகசியம் இவ்வளவுதான். அந்தத் தலைமுறைக்குப் பிறப்புப் பதிவு இல்லை. பதிவில்லாத இடத்தில் வயது என்பது மரியாதையோடு சேர்ந்து கூடிக்கொண்டே போகும். பத்திரங்களை வைத்துச் சரிபார்க்கப்பட்ட மிக நீண்ட ஆயுள் ஒரு பிரெஞ்சுப் பெண்ணுடையது. 122 வயதில் 1997ஆம் ஆண்டு மரணித்தார். ஹுன்ஸாவைச் சேர்ந்த எவருடைய நூற்றைம்பது வயதும் அப்படி நிரூபிக்கப்படவில்லை.

கதை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். சுவையான விடயம். 1904 முதல் கில்கிட்டில் பணியாற்றிய ரொபர்ட் மக்கரிசன் என்ற பிரித்தானிய மருத்துவர், ஹுன்ஸா மக்களின் உடற்கட்டையும் உணவையும் புகழ்ந்து எழுதினார். பின்னாளில் தமிழ்நாட்டின் குன்னூரில் ஆய்வுகூடம் அமைத்து, எலிகளுக்குப் பலவகை உணவு கொடுத்து ஆராய்ந்தவர் இவரே. அவர் சாதாரண மனிதரல்லர், போசாக்கு ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவர். அதே மனிதர்தான் கில்கிட் பகுதிக் கிராமங்களில் கழுத்துக் கழலை நோய் பரவியிருந்ததை வருடக்கணக்காக ஆராய்ந்தவரும். முதற் பாதியை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் பாதி யாருக்கும் தேவைப்படவில்லை. 1933இல் ஜேம்ஸ் ஹில்டன் என்ற நாவலாசிரியர் மூப்பே வராத ஷங்ரிலா என்ற கற்பனைப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதினார். அவர் அதைத் திபெத்தில் வைத்தார். சுற்றுலாக்காரர்கள் அதை ஹுன்ஸாவுக்கு இடம்மாற்றிவிட்டார்கள். பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் மீருடைய விருந்தினராக இரண்டு மூன்று கிழமை தங்கி, அரண்மனையில் சாப்பிட்டு, நோயற்ற மக்கள் என்று புத்தகம் போட்டார்கள்.

நீண்டகாலம் தங்கியவர்கள் எழுதியது வேறு. 1934, 35 காலப்பகுதியில் அங்கு வாழ்ந்த லோரிமர் தம்பதியினர், வசந்தகாலத்தில் களஞ்சியம் காலியாகிப் புது விளைச்சல் வரும்வரை மக்கள் அரைவயிற்றோடு இருந்ததைப் பதிந்துவைத்தார்கள். 1950களின் தொடக்கத்தில் இருபது மாதங்கள் தங்கியிருந்த ஜோன் கிளார்க் என்ற அமெரிக்கர் சிறியதொரு மருந்தகம் நடத்தினார். இருபதாயிரம் பேர்கூட இல்லாத அந்த நாட்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். மலேரியா, வயிற்றோட்டம், குடற்புழு, கண்நோய் என்று எல்லாம் இருந்தன. முதல் பயணத்தில் தானும் அந்தக் கட்டுக்கதைகளை நம்பியதாக அவர் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். நமது வீட்டாரின் பசியையும் காய்ச்சலையும் ஒருவர் மறைத்துவிட்டு, இவர்கள் அற்புதமானவர்கள் என்று உலகுக்குச் சொன்னால் அது புகழ்ச்சியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இது வெறும் வேடிக்கைக் கதையாக இருந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். புறப்படுவதற்கு முதல்நாள் என் சாச்சி தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு மார்பகத்தில் புற்றுநோய் என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள். ஹுன்ஸாவுக்குப் போகிறாயாமே மகள், அந்தப் பருப்பு இரண்டு கிலோ கொண்டுவா, கசப்பானதுதான் நல்லதாம் என்றார். அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு மஹரகமவுக்குப் போகலாம் என்று கிளினிக் திகதியையும் தள்ளிப் போட்டிருந்தார். அவருக்குப் படிப்பில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாக வாசிப்பவர். பயம் வந்தால் வாசிப்பு மட்டும் காப்பாற்றாது. கையில் கிடைத்த எளிய வழியைப் பிடித்துக்கொள்ளும் மனது எல்லோருக்கும் உண்டு.

மாணவிகளே, உங்களுக்கு மரவள்ளி தெரியும். மரவள்ளியை அவிக்கும்போது நமது உம்மாமார் சட்டியை மூடுவதில்லை. கசப்பு மரவள்ளி என்றால் தொடுவதேயில்லை. ஏன்? அதிலுள்ள ஒரு பொருள் உடலில் சயனைட்டாக மாறும். அப்ரிகொட் பருப்பிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. கசப்பு அதனுடைய அடையாளம். ஹுன்ஸாப் பெண்கள் கசப்புப் பருப்பை ஒதுக்கிவைப்பதும் நமது உம்மாமார் கசப்பு மரவள்ளியை ஒதுக்கிவைப்பதும் ஒரே அறிவுதான். தகவல் அனுப்புபவரோ ஒதுக்கிவைத்ததையே மருந்தென்கிறார். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2016இல் எச்சரித்தது என்ன தெரியுமா? வளர்ந்த ஒருவர் ஒரே தடவையில் மூன்று சிறிய பச்சைப் பருப்புக்கு மேல் தின்றாலே பாதுகாப்பான அளவைத் தாண்டக்கூடும். சிறு குழந்தைக்கு ஒன்றே அதிகம்.

அமிக்டலினைத்தான் விற்றமின் பி17 என்று பெயர்சூட்டி விற்கிறார்கள். அது விற்றமின் இல்லை. அமெரிக்காவில் 178 புற்றுநோயாளிகளுக்கு அதைக் கொடுத்துச் செய்த ஆய்வின் முடிவு 1982இல் வெளிவந்தது. ஒருவருக்கும் குணமாகவில்லை. சிலரது இரத்தத்தில் சயனைட் அபாய அளவை நெருங்கியது. இது மறைத்துவைக்கப்பட்ட செய்தியும் அன்று, நாற்பது வருடங்களுக்கு முன்பே மருத்துவச் சஞ்சிகையில் அச்சானது.

கரீமாபாத் கடைத்தெருவில் அந்தப் பருப்பு சாக்குச் சாக்காக இருந்தது. என் சாச்சிக்கு நான் உலர்ந்த பழம்தான் கொண்டுவந்தேன். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, மரவள்ளிக் கதையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். ஷிபா கொடுப்பவன் அல்லாஹ், காரணங்களைத் தேடச் சொன்னவனும் அவன்தான், கிளினிக்கும் ஒரு காரணமல்லவா சாச்சி என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பழத்தை வாங்கி அலுமாரியில் வைத்தார். மறு கிழமை சாச்சா அவரை மஹரகமவுக்குக் கூட்டிப்போனார். இப்போது சிகிச்சை நடக்கிறது. துஆச் செய்யுங்கள்.

சரி, பழத்தில் இல்லையென்றால் ஹுன்ஸாவில் எதைக் கண்டு நான் வியந்தேன்?

அந்த வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் கராச்சியில் தாதியர் படிப்பு படிக்கிறாள். ஹுன்ஸாவிலிருந்து கராச்சி ஏறக்குறைய 2000 கிலோமீற்றர். நமது இலங்கையின் வடமுனையிலிருந்து தென்முனை வரை அளந்தாலும் 430 கிலோமீற்றர் அளவில்தான் வரும். இளையவள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளுடைய உம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். மூத்தம்மா எழுத்தறியாதவர். ஒரே கூரையில், ஒரே தட்டைச் சுற்றி, மூன்று தலைமுறையும் அமர்ந்து பழம் பிளந்தது. அந்த ஊரின் முழு வரலாறும் அந்தத் தட்டைச் சுற்றி இருந்ததாக எனக்குப் பட்டது.

ஹுன்ஸாவில் பெரும்பாலானோர் இஸ்மாயிலி முஸ்லிம்கள். வணக்க முறைகளில் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடுகள் உண்டு. இக்கட்டுரை அதைப் பற்றியதன்று. 1946இல் அவர்களுடைய தலைவர் மூன்றாம் ஆகா கானின் வைரவிழாவையொட்டி அந்தப் பள்ளத்தாக்கில் பாடசாலைகள் ஆரம்பிக்கப்பட்டன. ஒரு மகனும் ஒரு மகளும் இருந்து, ஒருவரை மட்டுமே படிப்பிக்க வசதியிருந்தால் மகளைப் படிப்பியுங்கள் என்று அவர் சொன்னதாக அங்கு யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். 1980களில் பெண் பிள்ளைகளுக்கென்று விடுதியோடு ஒரு பாடசாலை கரீமாபாத்தில் எழுந்தது. 1982இல் தொடங்கிய கிராம அபிவிருத்தித் திட்டமொன்றின் மூலம் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, கிழமைக்கு ஒரு சிறுதொகை சேமித்து, பழத்தை நல்ல முறையில் காயவைத்து விற்கப் பழகினார்கள். நெடுஞ்சாலை வந்ததும் அந்தப் பழத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் சந்தை கிடைத்தது. அந்தக் காசில் பெரிய வீடு கட்டியிருக்கலாம், நகை செய்திருக்கலாம். பல குடும்பங்கள் அதைப் பிள்ளைகளின் விடுதிக் கட்டணமாக மாற்றின.

எவரெஸ்ட் சிகரத்தில் ஏறிய முதல் பாகிஸ்தானியப் பெண் சமீனா பெய்க் ஹுன்ஸாவின் ஷிம்ஷால் கிராமத்தவர். 2013 மே மாதம் ஏறினார். 2022இல் கே2 சிகரத்திலும் ஏறினார். அது செய்தியில் வந்த பெயர். செய்தியில் வராதவர்களை நான் அல்டித் கோட்டைக்கு அருகிலுள்ள பட்டறையில் கண்டேன். பெண்கள் தச்சு வேலை செய்துகொண்டிருந்தார்கள். தலையில் முக்காடு, கையில் வாள். மரத்தூள் படிந்த முகத்தோடு ஒருத்தி எங்களுக்குக் கதவு நிலை ஒன்றைக் காட்டி விளக்கினாள். என் கணவர், இவர்கள் நம் ஊர் பாஸ்மாரைவிடச் சுத்தமாக மூட்டு வைக்கிறார்கள் என்றார்.

ஊரைச் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் கதையைத்தானே இவ்வளவு நேரம் மறுத்துக்கொண்டிருக்கிறேன். பெண்கள் படித்திருந்தாலும் கூரை ஏறுவது இன்னும் அவர்கள்தான். ஹொட்டல்கள் கண்மூடித்தனமாக எழும்புகின்றன. சுற்றுலாக் காலத்தில் வீடுகளில் மின்சாரம் இருப்பதைவிட இல்லாத நேரமே அதிகம். 2010 ஜனவரி 4ஆம் திகதி அத்தாபாத்தில் மலை சரிந்து 20 பேர் மரணமானார்கள். ஆறு அடைபட்டு இருபது கிலோமீற்றருக்கு மேல் ஏரியானது. நெடுஞ்சாலையே மூழ்கியது. 2015இல் சுரங்கப்பாதை திறக்கும்வரை உருளைக்கிழங்கு மூடையும் கர்ப்பிணிப் பெண்ணும் ஒரே படகில்தான் போக வேண்டியிருந்தது. இன்று அந்த நீலநிற ஏரியில் உல்லாசப் படகு ஓடுகிறது. அடியில் கிடக்கும் வயல்களைப் பற்றிப் படகுக்காரர் கேட்டால் மட்டும் சொல்கிறார். 2022 மே மாதம் ஹசனாபாத்தில் பனியாற்று வெள்ளம் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. வாழ்வு தரும் அதே பனிதான் பயமும் தருகிறது.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். நமது சமூகத்தில் பெண் கல்வி நேற்று வந்த பேச்சன்று. 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை பெண் பிள்ளைகளின் படிப்புக்காக வாதாடினார். ஹுன்ஸாவில் முதல் பெண் பிள்ளை சிலேட்டைத் தொடுவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்னால் நாம் தொடங்கிவிட்டோம். ஆனாலும் உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழகம் தூரத்தில் கிடைத்தால், அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்ன அதே வாயால் அடுத்த நாள், அவ்வளவு தூரம் எப்படிப் பிள்ளையை அனுப்புவது என்கிறோம். விடுதி சரியில்லை, ஊர் என்ன சொல்லும், மாப்பிள்ளை வந்திருக்கிறது. இவற்றில் சில கவலைகள் நியாயமானவை. பாதுகாப்பான விடுதி வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், அதைக் கேட்டுப் போராடுவதற்குப் பதிலாகப் பிள்ளையை நிறுத்திவிடுவதே நமக்கு இலகுவாக இருக்கிறது. வைத்தியசாலைக்குப் போனால் நம் பெண்களைப் பார்க்க நம் மொழி பேசும் தாதியர் இல்லையே என்று குறைப்படுகிறோம். அந்தத் தாதி யாருடைய வீட்டிலிருந்து வர வேண்டும்?

அந்தப் பருப்புக் கதை நமக்கு ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். பருப்பு வாங்கச் சில ஆயிரம் ரூபா போதும். விழுங்கிவிட்டால் வேலை முடிந்தது. ஹுன்ஸாக்காரர் உண்மையில் செய்தது அப்படியானதன்று. பாறையில் வாய்க்கால் வெட்டுவதும், வருடாவருடம் அதைச் சரிசெய்வதும், கூரையில் காயும் பழத்தை எண்ணி ஒரு மகளை இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் அனுப்புவதும் நம்மிடம் ஏதோ ஒன்றைக் கேட்கும் காரியங்கள். அதை யாரும் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்வதில்லை.

நாங்கள் புறப்படும் நாளன்று காலையில் மழை தூறியது. வீட்டிலிருந்த எல்லோரும் கூரைக்கு ஓடினார்கள், நாங்களும் ஓடினோம். மூடி முடிப்பதற்குள் ஆறேழு தட்டு நனைந்துவிட்டது. வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு நனைந்ததைத் தனியே ஒதுக்கினார். இது கறுத்துவிடும், விலை போகாது என்றார். நட்டம் பெரிதா என்று கேட்டேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். கராச்சிக்கு அனுப்ப வேண்டியது போன மாதமே போய்விட்டது பாஜி, சின்னவளின் விடுதிக்குத்தான் இன்னும் நான்கு தட்டு குறைகிறது, பின்பக்க மரம் இன்னும் பழுக்கவில்லை, அதில் வரும் என்றார்.